‘அப்’ படத்தைப் பார்த்துக் கண் கலங்கிய நம்ம பக்கத்து ஆட்கள் இங்கே வரவும்

தேவகோட்டைப் பேரன்:

பிக்ஸார் 2009இல் எடுத்த ‘அப்’ படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. பலூன் விற்ற கிழவர், பெயர் கார்ல், வயது 78, பெண்டாட்டி போன பிறகு வீட்டின் மேல் பலூன்களைக் கட்டிக்கொண்டு வீட்டோடு தென் அமெரிக்காவுக்குப் பறப்பார், தெரியாமல் ரஸ்ஸல் என்ற எட்டு வயதுப் பையனும் கூட மாட்டிக்கொள்வான். பிள்ளைகளுக்கென்று போட்டுவிட்டுப் பெரியவர்கள் மூக்கைச் சிந்துகிற படம் இது. நம்ம செட்டிநாட்டுப் பக்கம் கொஞ்சம் அதிகமாகவே சிந்துகிறார்கள் என்பது என் எண்ணம். உங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று எழுதுங்கள்.

எங்கள் வீட்டில் ஒரு கல்யாணத்துக்கு எல்லாரும் கூடியிருந்தபோது சின்னதுகளின் சத்தம் தாங்காமல் வளவில், அதாவது வீட்டு உள்முற்றத்தில், புரொஜெக்டர் வைத்தோம். சுவரில் நேரே அடித்தால் பழைய முட்டைச் சுண்ணாம்புப் பூச்சு பளபளத்துக் கண்ணைக் கூசுகிறது, அதனால் ஐயாவின் எட்டு முழ வேட்டியை இரண்டு தூணுக்கு நடுவில் இழுத்துக் கட்டி அதில் ஓட்டினோம். அப்பத்தாவுக்கு ஆங்கிலம் ஒரு எழுத்து தெரியாது. ஆனால் கார்லுக்கும் எல்லிக்கும் கல்யாணம் ஆனதிலிருந்து அவள் சாகிறவரைக்கும் வருகிற அந்த நாலு நிமிடச் சொச்சத்தில் வசனமே கிடையாதே, மைக்கேல் ஜியாக்கினோவின் இசை மட்டும்தான். அருவி பார்க்கப் போக வேண்டும் என்று ஜாடியில் காசு சேர்ப்பார்கள். டயர் வெடிக்கும், ஜாடியை உடைப்பார்கள். காலில் அடிபடும், உடைப்பார்கள். மரம் விழுந்து கூரை போகும், திரும்ப உடைப்பார்கள். அங்கே அப்பத்தா சத்தமாகவே, “வீடுன்னா அப்படித்தான், இழுத்துக்கிட்டே இருக்கும்” என்றார். எங்கள் வீட்டின் மூன்றாம் கட்டில் (பின்பகுதியில்) ஓடு மாற்றிய செலவு ஞாபகம் வந்திருக்கும். எல்லி படுத்த படுக்கையானதும் எழுந்து உள்ளே போனவர், பலூனில் வீடு கிளம்பிப் பிள்ளைகள் கத்திய பிறகுதான் திரும்பி வந்தார்.

பள்ளத்தூர்ப் பொண்ணு:

எங்கள் பெரியாத்தா கதையைச் சொல்லியே ஆக வேண்டும். பிள்ளைக்காக அறைக்குப் பெயின்ட் அடிப்பார்களே, அடுத்ததாக ஆஸ்பத்திரி அறை வரும், எல்லி முகத்தைக் கைகளில் புதைத்துக் குனிந்து உட்கார்ந்திருப்பாள். எனக்குத் தொண்டை அடைத்துப்போய் நான் ஒன்றும் பேசாமல் இருக்கிறேன், பெரியாத்தாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “பங்காளி வீட்டுல ஒரு பிள்ளையும் இல்லாமலா போச்சு? கூட்டிக்கிட வேண்டியதுதானே?” என்று கேட்கிறார். எங்கள் பெரியப்பச்சியே, அதாவது பெரியப்பாவே, அந்த வீட்டுக்குப் பிள்ளை கூட்டிக்கொண்டு வந்தவர்தான், தத்துப் பிள்ளை, அதனால் அவருக்கு இது ரொம்ப சாதாரண யோசனை. அமெரிக்காவில் அப்படியெல்லாம் வழக்கம் இல்லை ஆத்தா என்று நான் சொன்னதைக் காதிலேயே வாங்கவில்லை.

கடைசியில் ஒரு மேடை வரும். சாரணர் மாதிரி உடுப்புப் போட்ட பையன்கள் வரிசையாக நிற்பார்கள், ஒவ்வொருவனுக்கும் பக்கத்தில் அவனவன் அப்பா. ரஸ்ஸலுக்கு மட்டும் அப்பா வந்திருக்க மாட்டார். கார்ல் போய் நின்று, எல்லி சின்ன வயதில் தனக்குக் குத்திவிட்ட சோடா மூடியை எடுத்து அவன் நெஞ்சில் குத்திவிடுவார். பெரியாத்தாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! “பாத்தியா, கூட்டிக்கிட்டாரு. மஞ்சத்தண்ணி கொடுக்கல, அவ்வளவுதான்.” தத்தெடுக்கும் சடங்கைத்தான் சொல்கிறார். இந்தப் படத்தைப் பற்றி எத்தனையோ விமர்சனம் படித்திருக்கிறேன், இவ்வளவு சரியாக யாரும் சொன்னதில்லை.

கோட்டையூர் இன்ஜினியர்:

அழுகைக்கு நடுவில் கொஞ்சம் கணக்கும் இருக்கட்டும். வீடு கிளம்பும் காட்சியில் கம்ப்யூட்டரில் உருவாக்கிய பலூன்கள் 20,622. நிஜத்தில் அது போதவே போதாது, கோடிக்கணக்கில் வேண்டும் என்று படம் எடுத்தவர்களுக்கே தெரியும். 2011இல் நேஷனல் ஜியாகிரபிக் டிவிக்காரர்கள் நிஜமாகவே ஒரு வீட்டைப் பறக்கவிட்டார்கள். எடை குறைவாகச் செய்த 16 அடிக்கு 16 அடி வீடு, எட்டடி உயர வானிலை பலூன் சுமார் 300, பத்தாயிரம் அடிக்கு மேல் போய் ஒரு மணி நேரம் போல மிதந்தது. நம்ம வீட்டுத் தேக்குத் தூணையும் இரும்பு உத்தரத்தையும் வைத்துக் கணக்குப் போட்டால் பலூனுக்கு வானத்தில் இடம் பத்தாது.

இன்னொன்று, படத்தில் வருகிற மேசை மாதிரித் தட்டையான மலைகள் கற்பனை இல்லை. பிக்ஸார் ஓவியர்கள் வெனிசுவேலா பக்கம் போய் ரொரைமா மலையில் ஏறிப் பார்த்து வரைந்தவை. அருவிக்கு மாதிரி 979 மீட்டர் உயரமுள்ள ஏஞ்சல் அருவி.

பழைய சாமான்:

தூணைத் தூக்குகிற கணக்கு எனக்குத் தெரியும் தம்பி. ஆறு ஆள், ஒரு லாரி. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் எங்களுக்குக் கடை.

வீட்டைப் பிரிக்கிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன். தூண், நிலை, உத்தரம், பெல்ஜியம் கண்ணாடி இதற்கெல்லாம் மளமளவென்று விலை பேசி முடிப்பார்கள். கடைசியில் ஒரு பித்தளைத் தூக்கு வரும், மூடியில் அவர்கள் விலாசம் வெட்டியிருக்கும், எடைக்குப் போட்டால் பெரிய காசு ஒன்றும் தேறாது, அதைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார்கள் பாருங்கள். தராசில் வைப்பார்கள், எடுப்பார்கள், மூடியைத் திறந்து உள்ளே பார்ப்பார்கள். “இது மட்டும் இருக்கட்டும்” என்று பையில் போட்டுக்கொண்டு போனவர்கள் எத்தனையோ பேர். நானும் வற்புறுத்துவதில்லை.

அதனால் படத்தில் எனக்குப் பிடித்த இடம் வேறு. காற்றுக் குறைந்து வீடு எழும்ப மாட்டேன் என்கிறது, பையன் ஆபத்தில் இருக்கிறான், கிழவர் வீட்டுச் சாமானையெல்லாம் தூக்கித் தூக்கி வெளியே வீசுவார். பார்ப்பவர்கள் கைதட்டுகிறார்கள். எனக்கோ வயிற்றைக் கலக்குகிறது, அத்தனையும் நல்ல மரம்! ஆனால் அவருடைய நாற்காலியும் எல்லியின் நாற்காலியும் மட்டும் வெளியே பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், கவனித்தீர்களா? அந்த இரண்டையும் வீச மனசு வரவில்லை. அதை எழுதினவர் எங்காவது ஒரு வீடு காலியாவதைக் கூடவே நின்று பார்த்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

கானாடுகாத்தான்வாசி:

எல்லாரும் அடிக்க வராதீர்கள். முதல் பத்து நிமிடத்துக்காக நான் கும்பிடுகிறேன். 2009இல் கேன் திரைப்பட விழாவையே இந்தப் படத்தோடுதான் தொடங்கினார்கள், அனிமேஷன் படத்தோடு அந்த விழா தொடங்கியது அதுதான் முதல் முறை, அதெல்லாம் சரி. அதற்கப்புறம் என்ன இருக்கிறது? நாய் பேசுகிறது. நாய் விமானம் ஓட்டுகிறது. கார்ல் சின்னப் பையனாகத் தியேட்டரில் வாயைப் பிளந்து பார்த்த அந்தச் சாகசப் பயணி மன்ட்ஸுக்கு இப்போது நூறு வயதாவது இருக்கும், அவர் வாளைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வருகிறார். அழவைத்துவிட்டு அப்புறம் சர்க்கஸ் காட்டுகிறார்கள்.

தேவகோட்டைப் பேரன்:

அண்ணே, நாய் விமானம் ஓட்டுவதை விட்டுத்தள்ளுங்கள், அது பிள்ளைகளுக்கு. தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் குழாயை உடம்பில் கட்டிக்கொண்டு, மிதக்கிற வீட்டை அந்தக் கிழவர் மலைமேல் இழுத்துக்கொண்டே நடக்கிறாரே, அது சர்க்கஸா? எங்கள் வீட்டில் அத்தனை பங்காளிகளும் சென்னையிலும் கோலாலம்பூரிலும் இருந்துகொண்டு அதைத்தான் செய்கிறோம். மின்கட்டணம், கரையான் மருந்து, வெள்ளையடிப்பு, யார் எவ்வளவு போடுவது என்று வாட்ஸப் குரூப்பில் சண்டை. குடியிருக்கிறவர் யாரும் இல்லை, இழுப்பதை நிறுத்தவும் முடியவில்லை.

அப்புறம் அந்தத் தீ. மன்ட்ஸ் வீட்டுக்கு அடியில் தீ வைத்ததும் கார்ல் ஓடிப்போய் வீட்டைத்தான் காப்பாற்றுவார், அந்த இடைவெளியில் பையன் பாசம் வைத்த கெவின் என்ற பறவையைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள், பறவையைக் கொடுத்துவிட்டீர்களே என்று பையன் அழுதுகொண்டு கேட்பான். எங்கள் சித்தப்பா இந்த இடத்தில்தான் எழுந்து உட்கார்ந்தார். சொத்து வழக்கில் தம்பியோடு பேச்சை விட்டவர் அவர், ஒன்றும் சொல்லவில்லை, ரிமோட்டை வாங்கி அந்தக் காட்சியைத் திரும்பப் போடச் சொன்னார், அவ்வளவுதான். இதெல்லாம் முதல் பத்து நிமிடத்தில் இல்லை. அந்தப் பத்து நிமிடத்தோடு விட்டிருந்தால் வெறும் இழவு வீட்டுப் படமாகியிருக்கும். கடைசியில் வீடு மேகத்துக்குள் போய் மறையும்போது ‘போகட்டும், வெறும் வீடுதானே’ என்கிற மாதிரி கார்ல் சொல்வார். அந்த வார்த்தை நம்ம ஊரில் ஒருத்தர் வாயில் வருமா, சொல்லுங்கள் பார்ப்போம்.

சாவிக்காரர் மகள்:

எல்லாரும் வீட்டுக்காரர்களாகவே பேசுகிறீர்கள், நான் சாவி வைத்திருக்கிற பக்கம். ஒரு பெரிய வீட்டை முதலில் எங்கள் அப்பா பார்த்துக்கொண்டார், அவர் சிங்கப்பூர் வேலைக்குப் போன பிறகு அம்மா. சொந்தக்காரர்கள் விசேஷத்துக்கு வந்து போவார்கள்.

எனக்கு வீடு பறந்ததிலும் அழுகை வரவில்லை, எல்லி செத்ததிலும் இல்லை. ரஸ்ஸல் தன் அப்பாவைப் பற்றிச் சொல்வான். ஐஸ்கிரீம் கடைக்குப் போய்விட்டு வெளியே நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்து கார் எண்ணுவார்களாம், நீலம் எல்லாம் இவனுக்கு, சிவப்பு எல்லாம் அப்பாவுக்கு. கேட்பதற்குச் சப்பென்று இருக்கும், ஆனால் அந்தச் சப்பென்ற விஷயம்தான் எனக்கு ரொம்ப ஞாபகம் இருக்கிறது என்பான். அங்கே உடைந்துவிட்டேன். அப்பா முகப்புத் தூண்களுக்கு எண்ணெய் போடும்போது கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை. கை வலிக்கும், விளையாடப் போக முடியவில்லையே என்று எரிச்சலாக வரும். அவர் துணியை முக்கி, பிழிந்து, அடியிலிருந்து மேலே ஒரே இழுப்பாக இழுப்பார், ஒரு தூண் முடிந்ததும் என்னைப் பார்த்து “அடுத்தவர்” என்பார், ஏதோ முடிவெட்டும் கடை மாதிரி. சிரிப்பே வராத ஜோக், ஒவ்வொரு தூணுக்கும் சொல்வார்.

படத்தை அவருக்கும் அனுப்பினேன். தங்கியிருக்கிற இடத்தில் வேலை முடிந்து வந்து, போனில் பாதி பார்த்துவிட்டுத் தூங்கிவிட்டார் போல. மறுநாள் கூப்பிட்டு, அந்த நாய் நம்ம தெரு நாய் மாதிரியே இருக்கு, கெவின்னு பேர் வெச்ச பறவை ஆணா பெண்ணா என்று கேட்டார். மீதியைப் பாருங்க அப்பா என்று சொல்லியிருக்கிறேன், இன்னும் பார்த்தபாடில்லை.