கினிபிக் திடீரென்று செத்துப்போனால்: கொழும்பு வீடுகளில் நடந்தவை

வெள்ளவத்தையிலிருந்து

எங்கள் வீட்டு கினிபிக் (எலி மாதிரிக் கொறிக்கும், வாலில்லாத சிறு செல்லப்பிராணி) இரண்டும் 2022 ஏப்ரலில் அடுத்தடுத்துச் செத்தன. அந்த மாதம் எப்படி இருந்தது என்று கொழும்பில் இருந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பொருளாதார நெருக்கடியில் எண்ணெய், கேஸ், கரண்ட் ஒன்றும் இல்லை; மார்ச் முடிவில் மின்வெட்டு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை போயிருந்தது. தொடர்மாடி வீட்டில் ஃபேன் இல்லாமல் மத்தியானத்தைக் கழிப்பது மனிதருக்கே பெரும்பாடு. கினிபிக்குக்கு அது உயிருக்கே ஆபத்து. அண்டிஸ் மலைப் பக்கத்திலிருந்து வந்த இனம். வியர்க்காது, நாய் மாதிரி நாக்கைத் தொங்கப்போட்டு இளைத்துச் சூட்டைத் தணிக்கவும் அதனால் முடியாது. வெப்பம் 28, 30 பாகையைத் தாண்டி, நம்மூர் புழுக்கமும் சேர்ந்தால் அந்த உடம்பு தாங்காது.

தண்ணீர்ப் போத்தலை உறைய வைத்து, துணியில் சுற்றிக் கூட்டுக்குள் வைப்பதுதான் வழக்கமான கைவைத்தியம். ஃப்ரிட்ஜே ஓடாத நாளில் போத்தல் எங்கே உறையும்? கூட்டின் மேல் ஈரத்துணி போட்டோம், வெறும் தரையில் படுக்க விட்டு விசிறிமட்டையால் வீசினோம். பெரியது பக்கவாட்டில் சாய்ந்து, தாடை நனைய எச்சில் வடித்துக்கொண்டு, கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டது. சின்னது அதற்குப் பிறகு சாப்பாட்டைத் தொடவில்லை. மிருக வைத்தியரிடம் கொண்டுபோகலாம் என்றால் தெரிந்த ஓட்டோக்காரர் எல்லோரும் பெற்றோல் வரிசையில். அதுவும் போனது.

"ரெண்டு எலிக்கா இந்த அழுகை?" என்று மேல்மாடி அன்ரி கேட்டார். கெட்ட எண்ணத்தில் இல்லை. சனம் கேஸுக்காக விடிய விடிய நின்ற காலம் அது. எனக்கே வெட்கமாக இருந்தது, குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டுதான் அழுதேன். நாய் செத்தால் அயலட்டை வந்து விசாரிக்கும். கினிபிக் செத்தால் "இன்னொன்று வாங்குங்கோவன்" என்பார்கள். கங்குன் கீரைப் பையின் சரசரப்புக் கேட்டதும் வீடே அதிர "வீக் வீக்" என்று கத்தும் பிராணி அது. மரக்கறிப் பையோடு வீட்டுக்குள் வரும்போதெல்லாம் என் காது அந்தச் சத்தத்தைத் தேடிக்கொண்டிருந்தது. அந்த நாட்களில் என்னை அதிகம் வாட்டியது இதுதான்.

அடுத்த தலையிடி, எங்கே புதைப்பது? ஆறாம் மாடியில் மண் ஏது? குப்பையோடு அனுப்ப மகள் சம்மதிக்கவே இல்லை, எனக்கும் மனம் வரவில்லை. வத்தளையில் மச்சானுக்கு வளவு இருக்கிறது, போக எண்ணெய் இல்லை. கடைசியில் பல்கனியில் கறிவேப்பிலை நின்ற பெரிய சீமெந்துச் சாடி. செடியை வேரோடு தூக்கி வைத்துவிட்டு, அப்பாவின் பழைய வேட்டித் துண்டில் இரண்டையும் சேர்த்துச் சுற்றி அடியில் வைத்து, மேலே மண்ணை இறுக்கிச் செடியைத் திரும்ப நட்டோம். துடக்கு உண்டா என்று மகள் கேட்டாள். "மிருகத்துக்குத் துடக்கில்லை, குளிச்சிட்டு வந்து சாப்பிடு" என்றார் அம்மம்மா. அதே அம்மம்மா அதன் பிறகு அந்தச் செடியிலிருந்து ஒரு இலை கிள்ளவில்லை. கறிவேப்பிலை கடையில்தான் வாங்குகிறோம்.

கொட்டாஞ்சேனையிலிருந்து

எங்களுடையது வெக்கையில் போகவில்லை. இரவு நன்றாக ஓடித் திரிந்தது, விடியப் பார்த்தால் கிடந்தது. கண் திறந்தபடி. கினிபிக் பெரும்பாலும் கண்ணைத் திறந்துகொண்டே உறங்கும் என்பதால் மகன் கனநேரம் அதைத் தட்டித் தட்டி எழுப்பிக்கொண்டிருந்தான். பிறகு என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை நான் மறக்கப்போவதில்லை.

வீட்டுக்கு வந்திருந்த மாமா ஒருவர், "அது காட்டுக்குப் போயிட்டுது மகன்" என்று ஆரம்பித்தார். கொட்டாஞ்சேனையில் எந்தக் காடு? நான் இடையில் புகுந்து, செத்துப்போச்சு, இனி எழும்பாது என்று நேரே சொல்லிவிட்டேன். உடம்பைத் தொட்டுப் பார்க்கவும் விட்டேன். குளிர்ந்து விறைத்திருந்ததைத் தொட்டதும் அவனுக்கே விளங்கிவிட்டது. வீட்டுக்குப் பின்னால் மதிலோரம் ஒரு முழ மண் இருக்கிறது, அங்கே புதைத்தோம். ஐஸ்கிரீம் குச்சி இரண்டை நூலால் கட்டிச் சிலுவை செய்தான். பெயர் எழுத இடம் போதாமல் முதல் எழுத்தை மட்டும் எழுதினான். பள்ளிக்கூடத்தில் அன்று பேசாமல் இருந்தானாம். வகுப்பு ரீச்சர் காரணம் கேட்டு, அதைப் பற்றி எழுதச் சொல்லியிருக்கிறார். எழுதிக்கொண்டு வந்ததில் பாதி, அது அவனுடைய கணக்குக் கொப்பியைக் கடித்த கதை. சிரித்துவிட்டோம்.

தெமட்டகொடையிலிருந்து

எனக்கு அழுகையை விடக் கோபம்தான் அதிகம். லாத்தாவின் (அக்காவின்) மகனுடைய கினிபிக் தும்மிக்கொண்டிருந்தது. விலங்கு விற்கும் கடையில் ஒருவர், பிள்ளைகளுக்குக் கொடுக்கும் அமொக்சிசிலின் பாணியைக் கொஞ்சமாகப் பருக்கச் சொல்லியிருக்கிறார். பருக்கினார்கள். வயிற்றோட்டம் பிடித்துச் செத்தது. பிறகு ஒரு மிருக வைத்தியரிடம் கேட்டபோதுதான் விளங்கியது. அமொக்சிசிலின் மாதிரி பென்சிலின் வகை மருந்தை வாயால் கொடுத்தால், கினிபிக்கின் குடலில் புல்லைச் செரிக்க உதவும் நல்ல பக்டீரியா அழிந்து, கெட்டது பெருகி, அந்த நஞ்சிலேயே அது செத்துவிடும். நாய்க்கும் பிள்ளைக்கும் ஒத்துவருவது இதற்கு ஒத்துவராது.

அந்தத் தும்மலையும் சும்மா விட முடியாதாம். முயலும் நாயும் தமக்கு ஒன்றுமில்லாமல் சுமந்து திரியும் ஒரு கிருமி கினிபிக்குக்கு நிமோனியாவாக இறங்குமாம். அதனால்தான் முயலோடு ஒரே கூட்டில் வைக்கக்கூடாது என்கிறார்கள். கடைகளில் பார்த்தால் இரண்டையும் ஒன்றாகத்தான் அடைத்து வைத்திருக்கிறார்கள்.

உம்மா, "அல்லாஹ்வின் நாட்டம், விடுங்க" என்றா. சரி, நாட்டம்தான். ஆனால் எதனால் செத்தது என்று தெரிந்த பிறகுதான் எங்கள் பிள்ளை, நான் கூட்டைக் கழுவாததாலா, நான் திட்டியதாலா என்று கேட்பதை நிறுத்தினான். இந்தப் பிராணியைப் பற்றி ஒன்றை அவனுக்குச் சொல்லிக் கொடுத்தேன். மற்றவற்றுக்கு இரையாகும் மிருகங்கள் நோயைக் காட்டாது, காட்டினால் பருந்து தூக்கிவிடும். வீட்டுக்குள் வந்தும் அந்தப் பழக்கம் போகவில்லை. நமக்குத் திடீர்ச் சாவாகத் தெரிவது அதற்குள் பல நாளாக நடந்திருக்கலாம். கூட்டுக்குள் எட்டிப் பார்ப்பவர் கண்ணில் அது படாது.

தெஹிவளையிலிருந்து

மேலே எல்லோரும் செத்ததைப் பற்றிச் சொல்கிறீர்கள். எங்கள் வீட்டில் மிஞ்சியது ஒன்று இருந்தது, பிரச்சினையே அதோடுதான். கினிபிக் தனியாக வாழும் பிராணி இல்லை. சுவிட்சர்லாந்தில் ஒன்றை மட்டும் தனியே வளர்க்கச் சட்டமே இடம் கொடுக்காது.

கொட்டாஞ்சேனைத் தங்கச்சி மகனைத் தொட்டுப் பார்க்க விட்ட மாதிரி, நாங்களும் செத்ததை உடனே அப்புறப்படுத்தாமல் கொஞ்ச நேரம் மற்றதன் பக்கத்தில் விட்டோம். வந்து மணந்தது, மூக்கால் இரண்டு தரம் தள்ளிப் பார்த்தது, பிறகு திரும்பிப் போய்ப் புல்லைச் சப்பியது. தேடிக் கத்தவில்லை. ஆனால் அடுத்த நாள் சாப்பாடு குறைந்தது. இங்கே அசட்டையாக இருக்கக்கூடாது. இவற்றின் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அரை நாளுக்கு மேல் சாப்பிடாமல் கிடந்தால், துக்கம் என்று விட்டுவிடாமல் வைத்தியரிடம் ஓட வேண்டிய விசயம். நாங்கள் அவர் சொன்னபடி பெலட்டை (கடையில் விற்கும் உருண்டைத் தீவனத்தை) வெந்நீரில் கரைத்து ஆறவைத்து, ஊசியில்லாத சிரிஞ்சால் கடைவாய்ப் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகப் பருக்கினோம். சமையல் தராசில் தினமும் நிறை பார்த்தோம். கண்ணுக்குத் தெரியாததைத் தராசு காட்டிக்கொடுத்தது.

இன்னொன்று வாங்குங்கோவன் என்பதை வெள்ளவத்தை அக்கா குறையாகச் சொல்கிறா. மனிதருக்குச் சொன்னால் அது குறைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மிஞ்சிய கினிபிக்குக்கு அது சரியான வைத்தியம். புதிதாக வந்ததைக் கொஞ்ச நாள் வேறாக வைத்து, நோயில்லை என்று பார்த்து, பிறகு இரண்டுக்கும் பழக்கமில்லாத இடத்தில் சேர்த்துவிட்டோம். பல்லை நெறித்துக்கொண்டு கொஞ்சம் சண்டை, பிறகு ஒரே தட்டு. இரண்டும் பெண். ஆணும் பெண்ணுமாக வைத்தால் இரண்டு மாதத்தில் குட்டி. பிந்திய வயதில் முதல் பிரசவம் என்றால் இடுப்பெலும்பு விரியாமல் தாயே போய்விடும்.

வெள்ளவத்தையிலிருந்து, மறுபடியும்

தெஹிவளைத் தம்பி, நீங்கள் சொல்வது நியாயம். எங்களிடம் மிஞ்ச ஒன்றும் இருக்கவில்லை, அதனால் அந்தக் கதைக்கே இடமிருக்கவில்லை.

மகள் இப்போது திரும்ப வேண்டும் என்கிறாள். நான் முடியாது என்று சொல்லவில்லை. மின்வெட்டு வந்தாலும் ஓடுகிற மாதிரி பற்றரி ஃபேன் ஒன்று முதலில் வாங்கட்டும் என்றிருக்கிறேன். மனிதர் மாதிரியே இவற்றுக்கும் விற்றமின் சி உடம்பில் ஊறாது, நாளாந்தம் சாப்பாட்டில் போக வேண்டும். அதற்குக் கொய்யாவும் கறிமிளகாயும் போதும், மலிவும் கூட. புல்தான் பிரச்சினை. இறக்குமதிக் காய்ந்த புல்லின் விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. மருந்தடிக்காத கினிப்புல் தெஹிவளை, இரத்மலானைப் பக்கம் யாராவது வெட்டித் தருவார்களா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.