54 பேர் ஆதரித்தும் தோற்றுப்போனது எப்படி?

கீழ்வானம்:
சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 ஊழியர்களும் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, துப்பாக்கி வாங்குகிறவர்களின் பின்னணியை விரிவாகச் சோதிக்கச் சொல்லும் திருத்தம் ஒன்று 2013 ஏப்ரலில் அமெரிக்க செனட்டில் ஓட்டுக்கு வந்தது. ஆதரவு 54, எதிர்ப்பு 46. ஆனாலும் தோற்றுவிட்டது, 60 வேண்டுமாம், ஃபிலிபஸ்டர் என்ற தடுப்பு முறைதான் காரணமாம். ஃபிலிபஸ்டர் என்றால் விடிய விடியப் பேசி இழுத்தடிப்பது என்றுதானே கேள்விப்பட்டிருக்கிறேன், இதில் அப்படி யாரும் பேசிய மாதிரி தெரியவில்லையே?

மணல்மேடு:
பேச வேண்டிய அவசியமே இல்லாமல் போனதுதான் சிக்கல். விவாதத்தை முடித்து ஓட்டெடுப்புக்குப் போகவே 60 பேர் சம்மதிக்க வேண்டும், ஆகவே 41 பேர் மறுத்தால் மசோதா அங்கேயே கிடக்கும். நீங்கள் சொன்ன திருத்தத்துக்கு, இழுபறி வேண்டாம் என்று 60 ஓட்டு வரம்பை முன்கூட்டியே ஒத்துக்கொண்டார்கள். 1957-ல் கறுப்பினத்தவருக்கான சிவில் உரிமை மசோதாவை எதிர்த்து செனட்டர் ஸ்ட்ராம் தர்மண்ட் 24 மணி 18 நிமிடம் நின்று பேசினார், நடுவில் கழிப்பறைக்குப் போகக்கூடாது என்று முன்னதாகவே நீராவிக் குளியல் எடுத்து உடம்பில் இருந்த தண்ணீரை வற்றவைத்துக்கொண்டு வந்திருந்தார். கேவலமான நோக்கம்தான், ஆனாலும் தடுப்பது யார் என்று நாடே பார்த்தது, மசோதாவும் நிறைவேறியது. 1970-களில் ஒரு மசோதா முடங்கினாலும் மற்ற வேலைகள் நடக்கலாம் என்று மாற்றினார்கள். அப்புறம் தடுக்கிறவருக்குக் கால் வலியும் இல்லை, கெட்ட பெயரும் இல்லை.

தென்றல்77:
51 போதும் என்று விட்டால் ஆட்சி மாறும்போதெல்லாம் சட்டமும் தலைகீழாகும், அதையும் யோசியுங்கள். 2017-ல் இரண்டு கட்சியையும் சேர்ந்த 61 செனட்டர்கள் இந்த முறையைக் காப்பாற்றச் சொல்லிக் கடிதமே எழுதினார்கள். சிறுபான்மைக் கட்சிக்கு வேறு பிடி ஏது?

மணல்மேடு:
பிடி இருக்கட்டும், யாருக்கு உதவியது என்று பாருங்கள். கும்பல் படுகொலைக்கு எதிரான மசோதா 1922-லேயே கீழவையில் நிறைவேறி செனட்டில் இப்படித்தான் முடக்கப்பட்டது, அப்படி ஒரு சட்டம் வர 2022 ஆனது. வரிக்குறைப்புக்கோ இந்தத் தடை கிடையாது, பட்ஜெட் சமரச முறை என்ற தனிவழியில் சாதாரணப் பெரும்பான்மையே போதும், 2017-ல் 51-48 என்று நிறைவேற்றினார்கள். நீதிபதி நியமனங்களுக்கும் 2013, 2017 என்று இரண்டு கட்டமாக 60-ஐக் கைவிட்டாயிற்று. மீதிக்கும் எடுக்க மனமில்லையென்றால், தடுக்க நினைப்பவர் அவையில் எழுந்து நின்று பேசட்டும், அந்தக் குழந்தைகளின் பெற்றோர் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்து கேட்கட்டும்.