இதழியல் படிக்கும்போது நேர்ந்ததில் இன்னும் மனதை விட்டுப் போகாத ஒன்று

தாமிரபரணி:
திங்கட்கிழமை மனு நாளுக்கு கலெக்டர் ஆபீஸ் போய் ஆளுக்கொரு செய்தி எழுதி வரச் சொன்னார்கள். 2017-இல் நெல்லை கலெக்டர் ஆபீஸில் ஒரு குடும்பமே தீக்குளித்த பிறகு கேட்டில் நடக்கும் சோதனை தெரியும்தானே. எனக்கு முன்னால் மஞ்சப் பையோடு ஒரு பாட்டி. பெண் போலீஸ் பையிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து முகர்ந்து பார்த்தார். பாட்டி ஒன்றும் பேசவில்லை. பாட்டிலை வாங்கி இரண்டு மடக்கு குடித்துக் காட்டிவிட்டு உள்ளே போனார். அதையே முதல் பத்தியாக எழுதினேன். சார் சிவப்பு மையில் அடித்து, ஓரத்தில் "மனு என்ன ஆச்சு?" என்று எழுதிவிட்டார். இன்னும் ஆறவில்லை.

முன்னாள் ஸ்ட்ரிங்கர்:
சார் கேட்டதில் என்ன தப்பு? பட்டாவா, பென்ஷனா, எதற்கு வந்தார் என்று நீங்கள் இங்கேகூடச் சொல்லவில்லையே! என் கதை சின்னது. இன்டர்ன்ஷிப்பில் ஒரு கடைத் திறப்பு விழா பிரஸ் மீட். பிரஸ் ரிலீஸுக்குள் பணம் வைத்த கவர். திருப்பி நீட்டினேன். "தம்பி புதுசா?" என்று பி.ஆர்.ஓ. சிரித்தார். பக்கத்திலிருந்த சீனியர் என் கவரையும் வாங்கித் தன் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

தாமிரபரணி:
நின்றுபோன முதியோர் பென்ஷன். இரண்டாவது பத்தியிலேயே இருந்தது, அண்ணா.

விஸ்காம் அக்கா:
பிராஜெக்டுக்காக ஒரு ஆபீஸில் ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு) போட்டேன். பதில் வரவில்லை, அப்பாவுக்கு போன் வந்தது: "பொண்ணை ஒழுங்கா படிக்கச் சொல்லுங்க சார்." அப்பா அன்று சாப்பிடவே இல்லை.
தாமிரபரணி, ஒரு பாட்டியோடு நிறுத்தாதே. இந்த வருடம் பென்ஷன் கேட்டு எத்தனை மனு வந்தது, எத்தனை நிராகரித்தார்கள், என்ன காரணம் என்று ஆர்.டி.ஐ.யில் தனித்தனிக் கேள்வியாக எழுது. "ஏன்" என்று ஆரம்பித்தால் தட்டிவிடுவார்கள். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டு. ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரமாக வை. எதற்குக் கேட்கிறாய் என்று கேட்டால் அந்தச் சட்டத்தின் 6(2) பிரிவைக் காட்டு, காரணம் சொல்ல வேண்டியதில்லை. 30 நாளில் பதில் இல்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. வீட்டு முகவரி மட்டும் கொடுக்காதே, ஹாஸ்டல் முகவரி போடு.

முன்னாள் ஸ்ட்ரிங்கர்:
எல்லாம் சரி அக்கா, அசைன்மென்ட் நாளைக் காலை பத்து மணிக்கு!