கருங்கல்லில் செதுக்கிய கய் நீல்சன் பீங்கானுக்கு ஏன் வந்தார்?

காட்பாடி மாணவி:

டென்மார்க் சிற்பி கய் நீல்சனைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி வருகிறேன். 1882-இல் ஸ்வென்போர் நகரில் பிறந்து, 1924-இல் நாற்பத்தொரு வயதிலேயே மறைந்த இவர், ஃபோபோர் அருங்காட்சியகத்தை நிறுவிய மாட்ஸ் ராஸ்முசனின் முழு உருவத்தைக் கருங்கல்லில் வடித்தவர். கோபன்ஹேகனின் ப்ளோகோர்ஸ் சதுக்கத்தைச் சுற்றி உழைக்கும் மக்களைக் கல்லில் அமர்த்தியவர். வேலூர்க் கோட்டைக் கோயிலின் கல்யாண மண்டபத் தூண்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு அந்தக் கல்வேலை எளிதில் பிடிபடுகிறது. ஆனால் அவரே பிங் அண்டு க்ரோண்டால் என்ற டென்மார்க் பீங்கான் ஆலைக்காக மேசைமேல் வைக்கும் அளவில் வெள்ளைப் பீங்கான் உருவங்களும் செய்திருக்கிறார். இதை வயிற்றுப்பாட்டுக்கான வேலையென்று ஒதுக்கிவிடலாமா?

ராணிப்பேட்டை, ஓய்வுபெற்ற அச்சுத் தொழிலாளி:

ஒதுக்கிவிடாதீர்கள், அம்மா. பீங்கான் ஆலையின் அச்சுப் பிரிவில் இருபத்தாறு ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். சிற்பி தரும் மூல உருவத்திலிருந்து பல துண்டுகளாகப் பிளாஸ்டர் அச்சு எடுப்பார்கள். அச்சுக்குள் களிமண் குழம்பை ஊற்றியதும் பிளாஸ்டர் நீரை உறிஞ்ச, உட்புறமெங்கும் தோசைக் கனத்துக்கு மண் படியும். மிச்சக் குழம்பைக் கவிழ்த்துவிட்டு, துண்டுகளைப் பிரித்தெடுத்து, அதே குழம்பைத் தொட்டு ஒட்டுவார்கள். சூளையில் ஏறக்குறைய 1,400 டிகிரி வெப்பத்தில் மண் இளகும்போது நீட்டிய கையும் மெலிந்த கணுக்காலும் தொய்ந்துவிடும். உருவமே ஆறில் ஒரு பங்கு வரை சுருங்குவதால், அவை தொய்யாமல் தாங்க வைக்கும் முட்டும் அதே மண்ணாக இருந்து கூடவே சுருங்க வேண்டும். இப்போது நீல்சனின் திராட்சை அறுவடை வரிசையைப் பாருங்கள்: திரண்ட உடல்கள், உடம்போடு ஒட்டிய கைகால்கள். கருங்கல்லும் நீட்டியதை உடைத்துவிடும் பொருள்தான். கல்லில் கற்ற அடக்கத்தையே அவர் மண்ணுக்கும் கொண்டுவந்திருக்கிறார் என்பது என் துணிபு.

திருவண்ணாமலை ஆசிரியர்:

பெரியவர் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் கிளேஸ் என்ற கண்ணாடிபோன்ற மேற்பூச்சைப் பூசியதும் இமை, விரல் நுனி போன்ற கூர்மைகள் மழுங்குகின்றன என்பதையும் கட்டுரையில் சொல்லுங்கள். அந்த இழப்பு நீல்சனைப் பெரிதாகப் பாதிக்கவில்லை, ஏனெனில் அவர் கூர்மையை நம்பியவரல்லர். கோபன்ஹேகனின் கிளிப்டோடெக் என்ற கலை அருங்காட்சியகத்தின் குளிர்காலத் தோட்டத்தில் அவர் 1920-இல் செய்த ‘நீர்த்தாய்’ என்ற சிலை உள்ளது. அதில் அந்தத் தாய், பதினான்கு குழந்தைகள் மேலே ஊர்ந்து விளையாடப் படுத்திருக்கிறாள்; பளிங்கிலான அந்த உடலிலும் பீங்கானின் அதே வழவழப்பைக் காணலாம். இன்னொன்று: இதே பெயர் கொண்ட ஓவியர் ஒருவர் கதைப்புத்தகங்களுக்குப் படம் வரைந்தவர், பின்னர் டிஸ்னியிலும் பணியாற்றியவர், அவருடைய செய்திகள் உங்கள் கட்டுரையில் கலந்துவிடாமல் கவனித்துக்கொள்ளுங்கள்.

காட்பாடி மாணவி:

மிக்க நன்றி, ஐயா. நீர்த்தாயையும் பீங்கான் உருவங்களையும் பக்கம் பக்கமாக வைத்தே எழுதப் போகிறேன். அசல் உருவம் ஒன்று கைக்குக் கிடைத்தால் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

ராணிப்பேட்டை, ஓய்வுபெற்ற அச்சுத் தொழிலாளி:

கவிழ்த்துப் பாருங்கள், அம்மா. அடியில் மூன்று கோபுரங்கள் கொண்ட ஆலை முத்திரையும், சூளையில் உள்காற்று வெளியேற விட்ட சிறு துளையும் இருக்கும். பிறகு அக்குளிலும் கழுத்தடியிலும் விரல் ஓட்டுங்கள். ஒட்டிய தடம் நெருடாவிட்டால் அதைத் தேய்த்தவர் நல்ல கைக்காரர்.