டேலி கணக்கு சாஃப்ட்வேர் ஓடும்போதே சிஸ்டம் ஆஃப் ஆகுது, அவசரம், யாராவது சொல்லுங்க

கணக்கன்77:
என்ட்ரி போட்டுக்கிட்டு இருக்கும்போதே பட்டுனு ஆஃப் ஆயிடுது. எந்த எர்ரரும் வரல. 20ஆம் தேதிக்குள்ள எல்லா பார்ட்டிக்கும் ஜிஎஸ்டி ரிட்டர்ன் 3பி போட்டாகணும். தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

தூசிதட்டி:
ஹீட்தான். சிபியு ஃபேனைக் கழட்டித் தூசியை எடுங்க, தெர்மல் பேஸ்ட் புதுசா வைங்க.

கோவை_சர்வீஸ்:
ரேமைக் கழட்டி ரப்பரால தேய்ச்சு மாட்டிப் பாருங்க ப்ரோ.

நிலா_மின்:
ரேம் கோளாறுன்னா பெரும்பாலும் நீலத்திரை வரும், இல்ல ஹேங் ஆகும். கணக்கன், தானா திரும்ப ஆன் ஆகுதா, பட்டனை அழுத்தணுமா? அழுத்தினா உடனே வருதா, இல்ல பின்னாடி இருக்கிற ஸ்விட்சை அணைச்சுக் கொஞ்ச நேரம் விட்டாத்தான் வருதா? அப்போ மானிட்டர் லைட் எரியுதா? யுபிஎஸ் இருக்கா?

அசெம்பிளர்98:
போர்டு, ப்ராசசர், எஸ்எம்பிஎஸ் (சிஸ்டத்துக்குக் கரண்ட் குடுக்கிற டப்பா) மாடல் எதையும் எழுதாம அவசரம்னு தலைப்பு மட்டும் வெச்சா யார் வந்து சொல்லுவாங்க? இந்த அடிப்படை கூடத் தெரியாமதான் எல்லாரும் வர்றாங்க. விண்டோஸ் பதிவுகளைக் காட்டுற ஈவென்ட் வியூவரைத் திறங்க. கர்னல் பவர் 41 இருக்கும். அதுதான் காரணம்.

நிலா_மின்:
சார், 41 காரணத்தைச் சொல்லாது. முறையா ஷட்டவுன் ஆகாம நின்னுபோச்சுன்னு அடுத்த தடவை ஆன் ஆகும்போது விண்டோஸ் எழுதி வைக்கிற குறிப்பு அது. கரண்ட் போனாலும் வரும், பட்டனை அழுத்திப் பிடிச்சு அணைச்சாலும் வரும்.

அசெம்பிளர்98:
நான் விண்டோஸ் 98 காலத்துல இருந்து சிஸ்டம் அசெம்பிள் பண்றவன். எனக்குப் பாடம் வேண்டாம்.

கணக்கன்77:
ஐ3, 8 ஜிபி. மத்ததெல்லாம் தெரியல. மானிட்டர் எரியுது, நோ சிக்னல்னு காட்டுது. பட்டனை அழுத்தினா உடனே வந்துடும். ஆஃப் ஆகும்போது டக்னு ஒரு சத்தம். காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை ஆகுது, நடுவுல நல்லாத்தான் ஓடுது. யுபிஎஸ் இருக்கு.

கோவை_சர்வீஸ்:
மானிட்டர் எரியுதுன்னா யுபிஎஸ் ஓகே. சத்தம் எஸ்எம்பிஎஸ்ல இருந்துதான். திறந்து கப்பாசிட்டர் உப்பியிருக்கான்னு பாருங்க.

வயர்மேன்_மதுரை:
தயவுசெஞ்சு அந்த டப்பாவைத் திறக்காதீங்க தம்பி. உள்ள இருக்கிற பெரிய கப்பாசிட்டர்ல 300 வோல்ட்டுக்கு மேல நிக்கும். பிளக்கைப் பிடுங்கின பிறகும் சார்ஜ் உடனே இறங்காது.

கோவை_சர்வீஸ்:
ஸ்க்ரூ டிரைவர் வெச்சு ஷார்ட் பண்ணி டிஸ்சார்ஜ் பண்ணிட்டாப் போச்சு. நாங்க தினமும் பண்றதுதான்.

வயர்மேன்_மதுரை:
நீங்க தொழில்காரர், அவர் கணக்கு எழுதுறவர். ஷார்ட் பண்ணினா பொறி பறந்து கண்ணுல தெறிக்கும். எஸ்எம்பிஎஸ் மேல சந்தேகம்னா வேற ஒண்ணை மாட்டிப் பாக்கலாம். திறக்காமலே மஞ்சள் வயர்ல மீட்டர் வெச்சும் பாக்கலாம், 12 வோல்ட் 11.4க்குக் கீழ இறங்கக்கூடாது. ஆளோட உயிரைப் பணயம் வெச்சு யோசனை சொல்லாதீங்க.

தூசிதட்டி:
முதல்ல டெம்பரேச்சர் எவ்வளவு காட்டுதுன்னு பாருங்களேன்.

நிலா_மின்:
ஹீட்னா மத்தியான வெயில்ல வரணும், இங்க காலையிலயும் சாயங்காலமும்தான் வருது. கணக்கன், மானிட்டர் பிளக் யுபிஎஸ்லயா, நேரா சுவத்துலயா? அந்த நேரத்துல யாராவது தண்ணி மோட்டர் போடுறாங்களா? மோட்டர் எடுக்கும்போது வோல்டேஜ் இறங்கும். உடனே யுபிஎஸ் உள்ள இருக்கிற ரிலேங்கிற ஸ்விட்ச் பேட்டரிக்கு மாறும், அந்த டக் சத்தம் அதுவா இருக்கலாம். பேட்டரி செத்திருந்தா மாறின கணமே அவுட்புட் போயிடும். கரண்ட் இல்லாம எஸ்எம்பிஎஸ் சுமார் 16 மில்லிசெகண்டுதான் தாங்கும். வோல்டேஜ் ஏறினதும் நிறைய யுபிஎஸ் தானா ஆன் ஆயிடும், அதனாலதான் பட்டனை அழுத்தினதும் உங்களுக்கு சிஸ்டம் வருது. எல்லாத்தையும் சேவ் பண்ணி டேலியை மூடிட்டு, யுபிஎஸ்ஸுக்கு வர்ற சுவர் ஸ்விட்சை அணைச்சுப் பாருங்க.

அசெம்பிளர்98:
கற்பனை. 600 விஏ யுபிஎஸ் 600 வாட் தாங்கும், ஐ3 எல்லாம் அதுக்கு ஒரு லோடே இல்ல.

நிலா_மின்:
600 விஏன்னு போட்டிருக்கிறதுல பெரும்பாலும் 360 வாட்தான் எடுக்க முடியும். இங்க லோடைப் பத்திப் பேச்சே இல்ல, பேட்டரியைப் பத்தித்தான்.

கரூர்_ராஜா:
ஒரு ஸ்டெபிலைசர் வாங்கிப் போட்டா எல்லாம் சரியாகும்.

வயர்மேன்_மதுரை:
ஸ்டெபிலைசர் போட்டாலும் கரண்ட் கட் ஆனா இதே கதைதான். பேட்டரியைப் பாக்காம காசு செலவழிக்க வேண்டாம்.

கணக்கன்77:
மானிட்டர் சுவத்துலதான். கீழ ஹவுஸ் ஓனர் மோட்டர் போட்டா டியூப்லைட் மங்கும். பாத்துட்டு வர்றேன்.

கோவை_சர்வீஸ்:
என்ன ஆச்சு ப்ரோ?

கணக்கன்77:
ஸ்விட்சை அணைச்சதும் சிபியு போயிடுச்சு. 12 வோல்ட் 7 ஏஹெச் பேட்டரி புதுசு போட்டாச்சு. இன்னிக்கு மோட்டர் போட்டாங்க, அணையல. நன்றி நிலா அக்கா, நன்றிண்ணே. 3பி வேலை கிடக்கு.

வயர்மேன்_மதுரை:
பழைய பேட்டரியைக் குப்பையில போட்டுடாதீங்க தம்பி, உள்ள ஈயமும் ஆசிடும் இருக்கு. பேட்டரிக் கடையிலயே பழசை எடுத்துக்குவாங்க.