மணிமேகலையை ஏன் தூக்கினாங்க?

பெரியம்மா: டிவில பொன்னியின் செல்வன் படம் ரெண்டாம் பாகம் போட்டான். கடைசி வரைக்கும் பாத்தேன், மணிமேகலையவே காணோம். கந்தமாறன் வரான், அவன் தங்கச்சி எங்கடா ரகு?

ரகு மாமா: தூக்கிட்டாங்க பெரியக்கா. கணக்கு அப்படி. கல்கியோட நாவல் அஞ்சு பாகமும் சேத்து 293 அத்தியாயம். ரெண்டு படமும் சேத்து சுமார் 330 நிமிஷம். அத்தியாயத்துக்கு ஒரு நிமிஷம் சொச்சம் தான் தேறுது.

பாலா அண்ணா: வெப் சீரிஸா எடுத்திருக்கலாம்ல

ரகு மாமா: எடுத்தாலும் வெட்டணும்டா. 1950ல ஆரம்பிச்சு 1954 வரைக்கும் வாராவாரம் வந்த தொடர்கதை. வாசகன் அடுத்த வாரம் புக்கு வாங்கணுமேன்னு கடைசி வரில ஒரு முடிச்சு போடுவார் கல்கி. அடுத்த அத்தியாயத்துல அதை அப்படியே விட்டுட்டு வேற ஊருக்குப் போயிடுவார். வாரம் ஒண்ணா படிக்க அது ருசி. ஒரே மூச்சுல பாக்கறவன் குழம்பிடுவான்.

சித்ரா சித்தி: வெட்டட்டும், அதுல எனக்கு சண்டையே இல்ல. அவ செஞ்ச வேலையை யார் தலைல கட்டினாங்கன்னு கேளு. நாவல் முடியறதே மணிமேகலை சாவோட தான். விளையாட்டுப் புள்ளையா திரிஞ்ச நாயகன் வந்தியத்தேவன் அந்த இடத்துல தான் பெரிய மனுஷன் ஆகறான். படத்துல அந்த வேலையை யாருக்கும் குடுக்கல. அதனால முதல் சீன்ல பாத்த அதே ஆளாவே கடைசி வரைக்கும் இருக்கான்.

நித்யா: சேந்தன் அமுதன் விஷயமும் மாறிடுச்சுல்ல சித்தி?

சித்ரா சித்தி: அது இன்னும் பெருசு. நாவல்ல கண்டராதித்த சோழரோட ராணி செம்பியன் மாதேவி பெத்த புள்ளை சேந்தன் அமுதன். குழந்தையிலயே மாறிப் போச்சு. பின்னால ராஜராஜ சோழன் ஆகற அருள்மொழி அவனுக்குத் தான் முடி சூட்டறான், அவனைக் கட்டிக்கற படகுக்காரப் பொண்ணு பூங்குழலி ராணி ஆகறா. படத்துல செம்பியன் மாதேவி மகனா வளர்ந்த மதுராந்தகனுக்கே முடி, ரகுமான் நடிச்சது. ஒரு நூலை உருவினா மூணு இடம் தொங்குது பாரு: பூங்குழலிக்கு முடிவு இல்ல, சேந்தன் அமுதனுக்கு வேலை இல்ல, மதுராந்தகன் அரசனாகறதை செம்பியன் மாதேவி தடுக்கறதுக்குப் பின்னால இருந்த ரகசியமும் போச்சு.

ரகு மாமா: ஆனா அது சரியான வெட்டு அக்கா. குழந்தை மாறின கதையைச் சொல்ல குறைஞ்சது மூணு ஃப்ளாஷ்பேக் வேணும். அந்த நேரத்தை பழைய காதலர்களான நந்தினி, கரிகாலன் பக்கம் குடுத்துட்டாங்க, படமும் அங்க தான் நிக்குது. தவிர சரித்திரத்துல உத்தம சோழன்ங்கற மதுராந்தகன் கண்டராதித்தரோட மகன் தான். இந்த ஒரு இடத்துல படம் நாவலை விட சரித்திரத்துக்கு கிட்ட.





நித்யா: அசுரன் படம்? அதுவும் நாவல்லருந்து தானே?

சித்ரா சித்தி: ஆங், அதைப் பேசு. பூமணியோட வெக்கை, 1982. சின்ன நாவல். கொலை ஆரம்பத்துலயே முடிஞ்சிடும், மிச்சமெல்லாம் எட்டு நாள் அப்பனும் மகனும் தலைமறைவா திரியறது தான். சாதிப் பேரைச் சொல்லாமலே எழுதியிருப்பார். படம் அதை வெளிப்படையா பேசுது. செருப்பு போட்டதுக்காக அவமானப்படுத்தறது, குடிசை எரிப்பெல்லாம் இயக்குநர் வெற்றிமாறன் சேத்தது. எரிப்பைப் பாத்தா, விவசாயக் கூலிங்களைக் குடிசையோட எரிச்ச 1968 கீழ்வெண்மணி ஞாபகம் வராம இருக்காது.

ரகு மாமா: நாவல் மகன் சிதம்பரத்தோட பக்கத்துல நின்னு போகுது. படம் அப்பன் பக்கம் சாஞ்சுடுச்சு. அப்பனா நடிக்கற நாயகன் தனுஷ்னா வேற வழியில்ல. ஆனா சாய்ச்சதுக்கு ஏத்த மாதிரி அப்பனுக்கு ஒரு முழு இளமைக் காலத்தையே கட்டிக் குடுத்தாரு பாரு, அதனால தான் படம் உக்காந்துச்சு.

சித்ரா சித்தி: நஷ்டமும் உண்டு. எங்க தண்ணி கிடைக்கும், எதைத் தின்னலாம், எங்க படுத்தா கண்ணுல படமாட்டோம்னு பக்கம் பக்கமா வர்ற அந்த நிதானம் படத்துல இல்ல. எனக்கு வெக்கைன்னாலே அது தான்.

பாலா அண்ணா: வெற்றிமாறனோட விசாரணை படமும் புக்குலருந்து தானே?

ரகு மாமா: ஆமா, சந்திரகுமாரோட லாக்கப். குண்டூர் போலீஸ் ஸ்டேஷன்ல அடி வாங்கற பகுதி புக்கு. சென்னைக்கு வந்ததுக்கு அப்புறம் உள்ள பாதி படத்துக்குன்னு எழுதினது. புக்குல பாதிப் படத்துக்குத் தான் சரக்கு இருந்தா இழுத்து நீட்டக் கூடாது, புதுசா எழுதிடணும்.

நித்யா: மாமா, காலேஜ்ல 20 நிமிஷப் படம் எடுக்கணும், கதைலருந்து. எங்க ஆரம்பிக்கறது?

ரகு மாமா: திரைக்கதைல ஒரு பக்கம் ஒரு நிமிஷம்னு வச்சுக்கோ. உனக்கு 20 பக்கம் தான், 12 சீனுக்கு மேல தாங்காது. முதல்ல கதையைக் காட்சி காட்சியா பிரிச்சு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு வரி எழுது: யாருக்கு என்ன வேணும், காட்சி முடியும்போது என்ன மாறிச்சு. எதுவும் மாறலன்னா அடிச்சுடு.

ரகு மாமா: அப்புறம் சிவப்புப் பேனா எடு. நினைத்தான், பயந்தான், வெட்கப்பட்டான்னு வர்ற இடமெல்லாம் கோடு போடு. கேமராவுக்கு அது எதுவும் தெரியாது. கடன்காரன் வந்துடுவானோன்னு பயந்தான்னு இருக்கா? வாசல்ல கிடக்கற தன் செருப்பை உள்ள எடுத்து வச்சுட்டு கதவைச் சாத்தறான். பத்து செகண்ட், வசனமே வேணாம்.

நித்யா: வாய்ஸ் ஓவர் வைக்கலாம்ல?

ரகு மாமா: வைக்காம ஒரு முழு வடிவம் எழுதிப் பாரு. அப்புறமும் வேணும்னு தோணினா ரெண்டு இடம், அதுக்கு மேல வேணாம். கத்துக்குட்டிங்க எல்லாரும் சறுக்கற இடம் அது தான், எழுத்தாளரோட நல்ல வரிங்களை விட மனசு வராது. வசனத்தையும் வாய் விட்டுப் படி. மூணு வரிக்கு மேல போனா படிக்கத் தான் நல்லாருக்கும்.

சித்ரா சித்தி: உரிமையைப் பாத்துக்கோடி. எழுத்தாளர் உயிரோட இருந்தா எழுத்துல அனுமதி வாங்கணும். இல்லன்னா இறந்த வருஷத்துக்கு அடுத்த வருஷத்துலருந்து 60 வருஷம் வாரிசுங்க கிட்ட கேக்கணும். நாட்டுடைமை ஆக்கின எழுத்துன்னா அந்தக் கவலை இல்ல. புதுமைப்பித்தன் எடுத்துக்கோ, தாராளமா.

ரகு மாமா: அக்கா சொல்றது சரி. அவரோட சிற்றன்னை கதையைப் படி. அதுலருந்து மகேந்திரன் 1979ல உதிரிப்பூக்கள் எடுத்தாரு. கதையோட கருவை மட்டும் வச்சுக்கிட்டு ஊரையும் முடிவையும் தன் இஷ்டத்துக்கு அமைச்சுட்டு, டைட்டில்ல புதுமைப்பித்தன் பேரைப் போட்டாரு.

நித்யா: படத்தை இன்னைக்கு ராத்திரியே பாத்துடறேன் மாமா

சித்ரா சித்தி: ஏய், புக்கை முடிச்சுட்டு பாரு. மாத்தி செஞ்சா நீ எழுதற ஒவ்வொரு சீன்லயும் படத்துல நடிச்ச விஜயன் மூஞ்சி தான் வந்து நிக்கும்.