தொட்டியைத் தூக்கிப் பார்க்கும் நேரம்

அம்மா இறந்து மூன்று மாதம் வரை வேலைக்குப் போனேன், வந்தேன், படுத்தேன். அழுகைகூட வரவில்லை. பார்க்க வந்த தோழி ஒருத்தி பீஸ் லில்லி செடி ஒன்றை ஜன்னலோரம் வைத்துவிட்டு, "தினமும் இதைக் கொஞ்சம் கவனிச்சுக்கோடி, மனசுக்கு நல்லாயிருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

"தினமும்" என்ற சொல்லை அப்படியே பிடித்துக்கொண்டேன். காலையில் ஒரு டம்ளர், ராத்திரி ஒரு டம்ளர். வேறு எதுவும் உருப்படியாக ஓடாத நாட்களில் இதையாவது செய்தோம் என்று இருக்கும். மூன்றாவது வாரம் இலைகள் தொங்கின. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றினேன். இன்னும் தொங்கின.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தொட்டியருகே போனபோது தேங்கின சாக்கடை மாதிரி வாடை அடித்தது. குளியலறைத் தரையில் செய்தித்தாளை விரித்து, தொட்டியைக் கவிழ்த்துச் செடியை வெளியே எடுத்தேன். வெள்ளையாக இருக்க வேண்டிய வேர்கள் பழுப்பேறிக் கொழகொழவென்று இருந்தன. ஒன்றைப் பிடித்து லேசாக இழுத்தேன். மேல்தோல் உறை மாதிரி கழன்று விரலோடு வந்துவிட்டது. உள்ளே நூல் மாதிரி ஒரு நரம்பு மட்டும் நின்றது. அதைப் பார்த்துக்கொண்டே தரையில் உட்கார்ந்து அழுதேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அம்மா போன பிறகு நான் அழுதது அன்றைக்குத்தான்.

வேருக்கும் காற்று வேண்டும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. மண்ணின் துளைகளில் எப்போதும் தண்ணீரே நின்றால் வேர் மூச்சுத் திணறிச் சாகும், செத்த வேரில் பூஞ்சை ஏறும். அழுகின வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. அதனால் ஈர மண்ணில் நின்றுகொண்டே செடி தாகத்தில் வாடும். பார்ப்பதற்குத் தண்ணீர் இல்லாமல் வாடும் செடிக்கும் இதற்கும் வித்தியாசமே இருக்காது. நானும் தாகம் என்றுதான் நினைத்தேன்.

அழுது முடித்துக் கத்தரிக்கோலைக் கழுவி எடுத்துவந்து, அழுகினதையெல்லாம் வெட்டினேன். மூன்று வெள்ளை வேர் மிஞ்சியது. இலையில் பாதியையும் எடுத்துவிட்டு, சின்னத் தொட்டியில், தென்னை நார்த்தூளும் பெர்லைட் என்ற லேசான வெள்ளைக் கல்துகளும் கலந்த மண்ணில் நட்டேன். ஒருமுறை தண்ணீர் விட்டேன். அதற்குப் பிறகு ஊற்றக் கூடாது, காத்திருக்க வேண்டும். எனக்குக் கஷ்டமாக இருந்தது அந்தக் காத்திருப்புதான். கை பரபரக்கும். அப்போதுதான் ஊற்றுவதற்குப் பதில் தொட்டியைத் தூக்கிப் பார்க்க ஆரம்பித்தேன். கனமாக இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுவேன். லேசாக இருந்தால், விரலை மண்ணில் இரண்டாவது கணு வரை விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர்.

படுக்கையை விட்டு எழுந்திருக்க அது ஒன்றே காரணமாக இருந்த காலைகள் உண்டு. எழுந்து, நடந்து, தூக்கி, வைத்து, மறுபடி வந்து படுத்திருக்கிறேன். ஆனாலும் எழுந்தேன். ஆறேழு வாரம் கழித்து நடுவில் பச்சைக் குச்சி மாதிரி இறுகச் சுருண்ட ஒரு இலை நிமிர்ந்து நின்றது. அது விரிய இன்னும் பல நாள் ஆனது. தினமும் போய்ப் பார்த்தேன்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த மூன்று வேரும் அழுகியிருந்தால் என்ன ஆகியிருப்பேன் என்று எனக்குத் தெரியவில்லை. "செடி வளர்த்தால் மனம் தேறும்" என்று சொல்பவர்கள், மனம் நொந்தவள் கையில் செடி செத்தால் அவள் அதையும் தன் தோல்விக் கணக்கில்தான் எழுதுவாள் என்று சொல்வதில்லை. அந்தச் சமயத்தில் நான் மனநல மருத்துவரையும் பார்த்துக்கொண்டிருந்தேன், மாத்திரையும் எடுத்துக்கொண்டேன். அதைச் சொல்லாமல் செடியை மட்டும் புகழ்ந்தால் என்னை மாதிரி இருக்கும் ஒருத்திக்குத் துரோகம் செய்த மாதிரி.

மனம் சரியில்லாத காலத்தில் செடி உங்களுக்கு எப்படி இருந்தது? செத்துப்போன செடிகளையும் சேர்த்து எழுதுங்கள்.

* * *

அக்கா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து நான்கு வருஷம் ஆகிறது. இடது கை சரியாக வராது. பேச்சு வரும், ஆனால் பேச மாட்டார். அவரைப் பார்த்துக்கொள்வதில் நான் ரொம்பவும் களைத்துப்போயிருந்தபோது, எனக்கென்று ஏதாவது இருக்கட்டும் என்று மணி பிளான்ட் செடி இரண்டு வாங்கி அவர் அறை ஜன்னலில் வைத்தேன். அந்த அறையில்தான் வெளிச்சம். தண்ணீர் நான்தான் ஊற்றுவேன். அவர் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை.

பிசியோதெரபிஸ்ட் ஒருநாள் தண்ணீர் தெளிக்கும் பாட்டிலை அப்பாவின் இடது கையில் கொடுத்து, "இலையில தூசி இருக்கு பாருங்க, அடிச்சு விடுங்க" என்றார். கைக்குப் பயிற்சி, அவ்வளவுதான். முதல் நாள் விசையை ஒருமுறைகூட முழுதாக அழுத்த முடியவில்லை. சில வாரம் கழித்து நான் வழக்கம்போலத் தண்ணீரோடு போனேன். "நேத்துதானேடா ஊத்தினே. இன்னிக்கு வேண்டாம், வை" என்றார். வீட்டில் யாருக்காவது ஒரு கட்டளை போட்டு எத்தனை மாதம் ஆகியிருந்தது அவருக்கு! குவளையை வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன், முகத்தைக் காட்ட முடியவில்லை.

பிறகு ஒரு பழைய ஆய்வைப் பற்றிப் படித்தேன். 1976-இல் எலன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற இரண்டு உளவியலாளர்கள், அமெரிக்காவின் கனெக்டிகட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் செய்தது. ஒரு தளத்தில் இருந்தவர்களுக்கு ஆளுக்கொரு செடி கொடுத்து, இதை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். இன்னொரு தளத்திலும் செடி கொடுத்தார்கள், ஆனால் தண்ணீர் ஊற்றுவதை நர்ஸ்கள் பார்த்துக்கொள்வார்கள் என்றார்கள். தாங்களே பார்த்துக்கொண்டவர்கள் அதிகச் சுறுசுறுப்பாகவும் சந்தோஷமாகவும் ஆனார்கள். வேறு சில முடிவுகளையும் அவர்கள் கையிலேயே விட்டிருந்தார்கள் என்பதால் எல்லாம் செடியால்தான் என்று சொல்ல முடியாது. ஆனால் நான் அத்தனை நாள் என் அப்பாவுக்கு அந்த இரண்டாவது தளமாக இருந்திருக்கிறேன் என்று புரிந்தது.

இப்போது செடி முழுக்க அவர் பொறுப்பு. அந்த நேரத்தில் நான் நடக்கப் போகிறேன்.

* * *

எனக்கு உதவவில்லை. அதையும் எழுதச் சொன்னதால் எழுதுகிறேன்.

குழந்தை பிறந்த பிறகு மன அழுத்தம். வீட்டில் ஒன்பது செடி இருந்தது. ஒவ்வொன்றாகக் காய்ந்தது. கடந்து போகும்போதெல்லாம் என்னைக் குற்றம் சொல்வது போலவே இருக்கும். மிச்சம் இருந்த நான்கையும் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்தேன். அன்று நன்றாகத் தூங்கினேன்.

இரண்டு வருஷம் கழித்து இப்போது ஒரே ஒரு ஸ்நேக் பிளான்ட். தடித்த இலையில் தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும், இலைத்துளைகளைப் பெரும்பாலும் ராத்திரியில்தான் திறக்கும், அதனால் ஈரம் அதிகம் போகாது. மூன்று வாரம் மறந்தாலும் அப்படியே நிற்கிறது. எனக்கு இந்த ஒன்று போதும்.

* * *

விவாகரத்து வழக்கு நடந்துகொண்டிருந்தபோது, செடி காற்றைச் சுத்தம் செய்யும் என்று எங்கோ படித்துவிட்டு ஒரே வாரத்தில் பன்னிரண்டு செடி வாங்கினேன். நாசாவின் 1989 ஆய்வைத்தான் எல்லாரும் காட்டுவார்கள். அது மூடின பெட்டிக்குள் செய்த சோதனை. அதுவரை வந்த ஆய்வுகளை 2019-இல் சேர்த்துப் பார்த்தபோது, ஒரு கட்டடத்தில் சாதாரணமாக வந்துபோகும் காற்று செய்கிற வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமானால் ஒரு சதுர மீட்டருக்குப் பத்திலிருந்து ஆயிரம் செடி வரை வேண்டும் என்று வந்தது. ஜன்னலைத் திறந்தாலே போதும். இது தெரிந்த அன்று வருத்தமாகத்தான் இருந்தது.

ஆனால் செடிகளை நான் விடவில்லை. அதற்குக் காரணம் மாவுப்பூச்சி. ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கம் வராமல் எழுந்தபோது, ஹோயா என்ற கொடியில், இலைக்காம்பு தண்டோடு சேரும் இடுக்கில் பஞ்சுப் பிசிறு மாதிரி வெள்ளையாகத் தெரிந்தது. காது குடையும் பட்ஸை 70 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் தொட்டு ஒவ்வொரு பூச்சியாக வைத்தேன். வெள்ளைப் பூச்சு கரைந்து உள்ளே இருக்கும் பூச்சியின் உடம்பு தெரியும். துடைத்து எடுத்துவிட்டு அடுத்த இடுக்கு. இலையைத் திருப்பி நடுநரம்பு ஓரமாகவும் பார்க்க வேண்டும். முட்டை பொரிந்து திரும்பத் திரும்ப வரும் என்பதால் வாரம் ஒருமுறை, இரண்டு மாதம் செய்தேன். அந்த அரைமணி நேரம் வக்கீல் சொன்னது, அவர் சொன்னது, நான் திருப்பிச் சொல்லாமல் விட்டது எதுவும் தலைக்குள் ஓடாது. கண்ணும் கையும் மட்டும்தான்.

2015-இல் வந்த ஓர் ஆய்வில் 24 இளைஞர்களை ஒருமுறை செடியைத் தொட்டி மாற்றி நடவும், ஒருமுறை கணினியில் வேலை செய்யவும் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். செடி நட்ட பிறகு ரத்த அழுத்தத்தின் கீழ் அளவு குறைவாக இருந்ததாம். சின்ன ஆய்வுதான். ஆனால் அந்த ராத்திரிகளுக்குப் பிறகு என்னால் அதை நம்ப முடிகிறது.

அக்கா, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். வீட்டில் பூனை இருக்கிறது. பீஸ் லில்லி வைக்கலாமா? கனத்தை வைத்து எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்?

* * *

எல்லாருடையதையும் இரண்டு தடவை படித்தேன். செடிகளைக் கொடுத்துவிட்டுத் தூங்கினவருக்கு, எழுதியதற்கு ரொம்ப நன்றி. நான் எழுதும்போது மனதில் நினைத்தது உங்களைப் போன்றவர்களைத்தான்.

பூனை இருந்தால் பீஸ் லில்லியை எட்டாத இடத்தில் வையுங்கள், இல்லையென்றால் வேண்டாம். அதன் இலையில் கால்சியம் ஆக்ஸலேட் ஊசி ஊசியாக இருக்கும். கடித்தால் வாயும் நாக்கும் எரியும், எச்சில் ஒழுகும். மணி பிளான்ட்டும் அப்படித்தான், குழந்தைகள் இருக்கும் வீட்டிலும் கவனம். தொங்கும் தொட்டியில் ஸ்பைடர் பிளான்ட் வையுங்கள், பூனைக்கு விஷமில்லை.

கனத்துக்கு: முழுதாக ஊற்றி, அடித்துளை வழியாக வடிந்து நின்றதும் ஒருமுறை தூக்குங்கள். அந்தக் கனத்தைக் கையில் நினைவு வைத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் தொட்டியில் வித்தியாசம் நன்றாகத் தெரியும், மண் தொட்டி தானே கனம் என்பதால் பழகக் கொஞ்ச நாள் ஆகும். பீஸ் லில்லி தாகம் வந்தால் லேசாகத் தொங்கி உங்களுக்குச் சொல்லும், தண்ணீர் விட்ட சில மணி நேரத்தில் நிமிரும். ஆனால் ஊற்றும் முன் தூக்கிப் பாருங்கள். கனமான தொட்டியில் தொங்கினால் அது தாகமில்லை.

என்னுடையதைப் போன மாதம் பிரித்து இரண்டு தொட்டியாக்கினேன். ஒன்றை, முதலில் கொண்டுவந்து கொடுத்த தோழிக்கே கொடுத்தேன். "தினமும் ஊத்தாதேடி" என்று சொல்லித்தான் கொடுத்தேன்.